விடைக்குறிப்பில் 'ஹ்யூஜ்', பையன் எழுதியது 'மேசிவ்': மார்க் உண்டா?

மதுரை மாவட்டம், திருமங்கலம் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் பள்ளியும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

வெள்ளிக்கிழமைதோறும் 20 சொற்களைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் சினானிம் (இணைச்சொல்) எழுதச் சொல்லும் தேர்வு. சொல்லுக்கு 1 மார்க். ஏ பிரிவில் 38 பேருக்கு இவரும், பி பிரிவில் 41 பேருக்கு இன்னொரு ஆசிரியையும் திருத்துகிறார்கள். விடைக்குறிப்பு கைடில் இருந்து எடுத்தது. போன வாரம் 'எனார்மஸ்' என்ற சொல்லுக்குக் குறிப்பில் 'ஹ்யூஜ்' என்று இருந்தது. ஏ பிரிவில் பலர் 'பிக்' என்று எழுத, இவர் சுழி போட்டிருக்கிறார். பி பிரிவில் அதே 'பிக்'குக்கு முழு மார்க் விழுந்திருக்கிறது. நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் 'மேசிவ்' என்று எழுதி, குறிப்பில் இல்லாததால் மார்க்கை இழந்தான். 'பிரேவ்' என்பதற்கு 'பிரேவரி' என்றும், 'ஆங்க்ரி'க்கு 'ஃப்யூரியஸ்' என்றும் எழுதியவர்களும் உண்டு. பெற்றோர் ஒருவர் இரண்டு பிரிவுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இன்னொருவர் கல்வி அலுவலருக்கு எழுதப் போவதாகச் சொல்கிறார். 'குறிப்பில் உள்ளதற்கு மட்டும் மார்க்' என்பது பிரின்சிபாலின் உத்தரவு. 15-க்குக் கீழே வாங்கியவர்கள் தப்பான சொல் ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை 25 தடவை எழுத வேண்டும் என்பதும் அங்கே வழக்கம்.

"அரை மார்க் கொடுத்துச் சமாளிக்கலாமா? 'பிக்'கை ஒப்புக்கொண்டால் தரம் போய்விடாதா? சினானிம் என்றால் ஒரே பொருள்தானே? பத்தாம் வகுப்பில் இப்படித் தளர்த்தித் திருத்த மாட்டார்களே?" என்று கேட்கிறார்.

அன்புள்ள டீச்சருக்கு,

'மேசிவ்' எழுதிய பையனுக்கு முழு மார்க் போடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 'பிக்' எழுதியவர்களுக்கும் இந்தத் தடவை போட்டுவிடுங்கள். இரண்டாவது உங்களுக்கு உறுத்தும் என்று தெரியும், அதனால் காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளில் இடப்பக்கம் 20 சொற்கள், வலப்பக்கம் 20 கோடுகள். வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எந்தச் சொல்லின் இடத்தில் எது நிற்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லவே இல்லை. 'எனார்மஸ்' என்பதைத் தனியாக நிறுத்திவைத்து இணையான சொல் கேட்டால், 'பிக்' தப்பு என்று காட்ட அந்தத் தாளில் எந்தப் பிடிமானமும் கிடையாது. 'பிக்' போதாது, இன்னும் பெரியது வேண்டும் என்பது உங்கள் மனதில் இருந்தது. கேள்வியில் வைக்காத கண்டிப்பைத் திருத்தும்போது கொண்டுவருவது நியாயமில்லை. தாளைத் தயாரித்தவர் விட்டதற்குத் தாளை எழுதியவர் மார்க் இழக்கக் கூடாது. இனிமேல் 'பிக்'குக்கு முழு மார்க் வேண்டாம் என்று நினைத்தால் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி கேள்வித்தாளிலேயே தொடங்க வேண்டும்.

'ஒரே பொருள்' என்ற நினைப்பு

சினானிம் என்றால் அச்சு அசலாக ஒரே பொருள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கைடுகள் அப்படித்தான் பழக்கிவிடுகின்றன: இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல், நடுவில் ஒரு சமக்குறி. மொழியில் அப்படிப்பட்ட ஜோடி அபூர்வம். நம் நிகண்டுகளைப் பாருங்கள். யானையின் பெயர்கள் என்று வேழம், களிறு, கரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும். ஆனால் களிறு ஆண் யானை. கன்று ஈன்றது களிறு என்று எழுதினால் எந்தத் தமிழாசிரியரும் சிவப்பு மையைத் தொடுவார். ஒரே பட்டியலில் இருக்கலாம், ஒரே வாக்கியத்தில் ஒன்றுக்கு மற்றொன்று நிற்கும் என்ற உறுதி இல்லை.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' இரண்டும் அகராதியில் அக்கம்பக்கத்து வீடுகள். மாட்டுத்தாவணி டீக்கடையில் 'ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று சொல்கிறோம், 'பவர்ஃபுல்லா ஒண்ணு' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலேயரும் டீயை அப்படிச் சொல்வதில்லை. 'ஸ்டார்ட்', 'பிகின்' இரண்டும் தொடங்குவதுதான், ஆனால் பஸ் எஞ்சினை ஸ்டார்ட்தான் செய்ய முடியும்.

நெருங்கிய இரண்டு சொற்கள் பிரியும் இடங்கள் பெரும்பாலும் ஐந்து. முதலாவது அளவு: 'பிக்' பெரியது, 'எனார்மஸ்' மிக மிகப் பெரியது. இரண்டாவது சேர்க்கை, அதாவது எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது. 'வாஸ்ட்' என்பது பாலைவனத்துக்கும் கடலுக்கும் சேரும், மரத்துக்குச் சேராது. மூன்றாவது சாயல்: 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'ஸ்கின்னி' என்றால் குறை, இரண்டும் ஒல்லிதான். நான்காவது நடை: 'கமென்ஸ்' அழைப்பிதழில் இருக்கும், பிள்ளைகள் விளையாடும்போது வாயில் வராது. ஐந்தாவது இலக்கணம்: 'பிரேவ்' பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் அடைமொழி, 'பிரேவரி' பெயர்ச்சொல். ஏழாம் வகுப்புக்கு அளவு, இலக்கணம் இரண்டையும் முழுதாகப் பார்க்கலாம். சேர்க்கையை வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொற்களுக்கு மட்டும் பாருங்கள். சாயலையும் நடையையும் இப்போதைக்கு மார்க்கில் கொண்டுவர வேண்டாம்.

கேள்வியை மாற்றுங்கள்

சொற்களை 20-லிருந்து 10 ஆக்குங்கள், சொல்லுக்கு 2 மார்க். மொத்தம் அதே 20-தான், மார்க் பதிவேட்டில் எதுவும் மாறாது. ஆனால் 1 மார்க் கேள்வியில் அரை மார்க் போடும் தொல்லை போய்விடும். கூட்டும்போது அரைகள் தவறிப்போவதும், 14½-ஐ 15 ஆக்கலாமா என்ற பேரமும் அந்த அரை மார்க்கால்தான் வருகின்றன. 2, 1, 0 என்றால் நடுவில் ஒரு படி முழு எண்ணாகவே கிடைக்கிறது. இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 79 தாள். 20 சொல் என்றால் 1,580 விடைகளைத் தீர்மானிக்க வேண்டும், 10 என்றால் 790. மிச்சமாகும் நேரத்தை வாக்கியம் எழுதச் செலவிடுங்கள்.

ஒவ்வொரு சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் அடிக்கோட்டோடு வரட்டும். மேலே ஒரு வரி கட்டளை: 'அடிக்கோடிட்ட சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் ஒரே ஒரு சொல்லை எழுதுக.' 'ஒரே ஒரு சொல்' என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் 'வெரி பிக்' என்று இரண்டு சொல்லில் எழுதுவார்கள். அது பொருளில் சரி, அதனால் முழு மார்க் கொடுத்தே ஆக வேண்டும்.

வாக்கியம் சும்மா இடத்தை நிரப்பக் கூடாது, விடையைத் தீர்மானிக்க வேண்டும். 'அங்கே ஓர் எனார்மஸ் மரம் இருந்தது' என்றால் 'பிக்', 'டால்', 'ஓல்ட்' எல்லாமே உள்ளே நுழைந்துவிடும். 'ஊருணிக் கரை ஆலமரம் எவ்வளவு எனார்மஸ் என்றால் ஒரு கல்யாணக் கூட்டமே அதன் நிழலில் உட்காரலாம்' என்ற பொருளில் எழுதினால் அளவு தானாகத் தெரியும், 'பிக்' சப்பென்று இருப்பதைப் பிள்ளையே உணரும்.

இன்னொரு சின்னக் கண்ணி இருக்கிறது. 'எனார்மஸ்' உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'ஆன்' வரும். 'ஹ்யூஜ்' வந்தால் 'ஏ' தான் வரும். 'ஆன்' என்று மட்டும் அச்சடித்திருந்தால், 'ஹ்யூஜ்' மனதில் வந்த பிள்ளையும் பொருந்தவில்லையே என்று அழித்துவிட்டு வேறு ஏதாவது எழுதும். 'ஏ/ஆன்' என்று இரண்டையும் போடுங்கள், அல்லது மேலே சொன்ன ஆலமர வாக்கியம்போல் அந்த இடமே வராதபடி அமைத்துவிடுங்கள்.

எதற்கு 2, எதற்கு 1, எதற்கு 0

பிள்ளை எழுதிய சொல்லை வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். இலக்கணம் நிற்கிறது, பொருளும் மாறவில்லை என்றால் 2. சொல்லின் பொருள் தெரிந்திருக்கிறது, ஆனால் அளவோ இலக்கணமோ சேர்க்கையோ இடிக்கிறது என்றால் 1. பொருளே வேறு என்றால் 0.

ஆலமர வாக்கியத்தில் 'ஹ்யூஜ்', 'மேசிவ்', 'ஜைகான்டிக்' மூன்றுக்கும் 2. 'பிக்', 'லார்ஜ்' இரண்டுக்கும் 1. 'வாஸ்ட்' எழுதியவருக்கும் 1, அதோடு ஓரத்தில் ஒரு வரி: 'கடலுக்குச் சொல், மரத்துக்குச் சொல்லாதே'. 'டால்' என்றால் 0, அது உயரத்தை மட்டும் சொல்கிறது.

'பிரேவ்' சொல்லுக்கு அலங்காநல்லூர் வாடிவாசலில் காளையை அணைந்த இளைஞனை வைத்து எழுதினால், 'கரேஜியஸ்', 'ஃபியர்லெஸ்', 'டேரிங்' எல்லாவற்றுக்கும் 2. அதே 'பிரேவ்' ஊசி வலியைப் பொறுத்துக்கொண்ட குழந்தையைப் பற்றி வந்தால் 'டேரிங்' பொருந்தாது, 1 போதும். சொல்லுக்கு மார்க் என்று எதுவும் நிலையாக இல்லை, வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். கைடுக் குறிப்பு தடுக்கி விழுவது இங்கேதான். 'பிரேவரி', 'கரேஜ்' என்று எழுதியவர்கள் பொருளைப் பிடித்துவிட்டு உருவத்தைத் தவறவிட்டவர்கள், அவர்களுக்கு 1. 'ஸ்ட்ராங்' என்று எழுதினால் 0, பலசாலி எல்லோரும் தைரியசாலி இல்லை.

'ஆங்க்ரி'க்கு 'ஃப்யூரியஸ்' என்பது 'பிக்' பிரச்சினையின் மறுபக்கம், அங்கே அளவு குறைந்தது, இங்கே கூடுகிறது. சில்லறை இல்லாததால் கண்டக்டர் கொஞ்சம் 'ஆங்க்ரி' என்று வாக்கியம் இருந்தால் 'அன்னாய்டு' 2 வாங்கும், 'ஃப்யூரியஸ்' 1 வாங்கும். 'கொஞ்சம் கொதித்துப் போனார்' என்று யாரும் பேசுவதில்லை. கூட்டமே கொந்தளித்தது என்று வாக்கியம் இருந்தால் 'ஃப்யூரியஸ்' தாராளமாக 2.

எழுத்துப்பிழைக்குத் தனி விதி வையுங்கள், தேர்வுக்கு முன்னாலேயே வகுப்பில் சொல்லிவிடுங்கள். 'ஹ்யூஜ்' என்பதில் 'ஜி' போட வேண்டிய இடத்தில் 'ஜே' போட்டால் எந்தச் சொல் என்று தெரிகிறது. இது பொருள் தேர்வு என்பதால் மார்க்கைக் குறைக்காமல் திருத்தி மட்டும் காட்டலாம். பிழையால் வேறொரு சொல்லே வந்துவிட்டால், உதாரணமாக 'க்வயட்' எழுத வேண்டிய இடத்தில் கடைசி இரண்டு எழுத்து இடம் மாறி 'க்வைட்' ஆனால், மார்க் இல்லை. ஸ்பெல்லிங்கைத் தனியாகச் சோதிக்க டிக்டேஷன் இருக்கிறது.

இரண்டு கையும் ஒரே மாதிரி திருத்த

உங்கள் பள்ளியில் வெடித்த சண்டைக்கு 'பிக்' பெரிய காரணமில்லை. இரண்டு ஆசிரியைகள் தனித்தனியாக முடிவெடுத்ததுதான் காரணம். பெற்றோர் கேட்டதில் நூறு சதவீதம் நியாயம் உள்ள கேள்வி அது ஒன்றுதான்.

தேர்வு முடிந்ததும் யாரும் பேனாவை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் கைக்கு வந்த 5 தாளை உருவி, 10 தாளையும் இருவரும் சேர்ந்து படியுங்கள். குறிப்பில் இல்லாத விடைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 2, 1, 0 முடிவு செய்யுங்கள். இதற்கு 20 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள்: 38 தாளிலும் முதல் சொல், பிறகு 38 தாளிலும் இரண்டாவது சொல். தாள் தாளாகப் போனால், முதல் ஐந்து விடையையும் சரியாக எழுதிய பிள்ளையின் ஆறாவது விடை நம் கண்ணுக்குக் கொஞ்சம் நல்லதாகவே தெரியும். கேள்வி கேள்வியாகப் போனால் அந்தச் சாய்வு குறையும். நடுவில் புதிய விடை வந்தால் தனியாக முடிவு செய்யாமல் தாளில் பென்சில் புள்ளி வைத்துவிட்டு, கடைசியில் இருவரும் பேசித் தீர்க்கலாம். முடிவெடுத்த விடைகளை ஒரு 80 பக்க நோட்டில் சொல்வாரியாக எழுதி வாருங்கள். அடுத்த வருடம் அதே பாடம் வரும்போது பாதி வேலை மிச்சம்.

திருத்தி முடித்ததும் இன்னொரு சோதனை இருக்கிறது. மொத்த மார்க்கில் மேலே உள்ள 10 தாளையும் கீழே உள்ள 10 தாளையும் எடுங்கள். ஏதாவது ஒரு சொல்லில் மேலே உள்ளவர்கள் அதிகமாகத் தவறியும் கீழே உள்ளவர்கள் அதிகமாகச் சரியாகவும் எழுதியிருந்தால், பிள்ளைகளைக் கோபிக்கும் முன் விடைக்குறிப்பைச் சந்தேகியுங்கள். கைடை மனப்பாடம் செய்தவன் 'ஹ்யூஜ்' எழுதி, கதைப்புத்தகம் படிப்பவள் 'மேசிவ்' எழுதும் இடம் இப்படித்தான் அகப்படும்.

பிரின்சிபாலிடம் எப்படிப் பேசுவது

அவர் சொல்வதில் சாரமே இல்லை என்று எடுத்துக்கொண்டு போகாதீர்கள். விட்ட சொல்லை நிரப்பும் 'க்ளோஸ்' சோதனையை 1953-இல் வில்சன் டெய்லர் அறிமுகப்படுத்தினார். அதைத் திருத்துவதிலும் இதே இரண்டு கட்சி உண்டு: மூலத்தில் இருந்த சொல்லுக்கு மட்டும் மார்க், அல்லது பொருந்தும் எல்லாச் சொல்லுக்கும் மார்க். எந்த முறையில் திருத்தினாலும் மாணவர்களின் வரிசை பெரிதாக மாறுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் பல காட்டின. முதல் முறையில் வேகம் உண்டு, இரண்டு பேர் திருத்தினாலும் வேறுபாடு வராது. ஆட்களை வரிசைப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் அது போதும். உங்கள் வெள்ளிக்கிழமைத் தேர்வு யாரையும் வரிசைப்படுத்த வைத்ததில்லை, பிள்ளைகள் சொல் கற்க வைத்தது. சரியான விடைக்குச் சுழி வாங்கிய பையன் அடுத்த வாரம் தனக்குத் தெரிந்த சொல்லை எழுத மாட்டான், கைடில் உள்ளதை எழுதுவான்.

ஆகவே உத்தரவை மீறாதீர்கள், 'குறிப்பை விரிவாக்கித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்' என்று கேளுங்கள். குறிப்பில் உள்ளதற்கு மட்டும் மார்க் என்ற விதி அப்படியே இருக்கட்டும். இருவரும் ஒப்புக்கொண்ட சொற்கள் அந்தக் குறிப்புக்குள்ளேயே வந்துவிடும். நிர்வாகத்தை இணங்க வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

பொதுத்தேர்வு பயத்துக்கு: பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் முதல் 3 கேள்விகள் இணைச்சொல், அடுத்த 3 எதிர்ச்சொல், தலா 1 மார்க். அங்கே வாக்கியத்தில் அடிக்கோடிட்ட சொல்லைக் கொடுத்து, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எண்ணத்தில் தோன்றிய சொல்லை எழுதும் வேலையே இல்லை. தளர்வு, கண்டிப்பு என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை. நான்கில் எது இந்த வாக்கியத்தில் நிற்கும் என்று பார்க்கத் தெரிந்தால் போதும். வாக்கியத்தோடு பழகிய பிள்ளைக்கு அது கைவரும், சமக்குறி போட்டு மனப்பாடம் செய்த பிள்ளை தடுமாறும். நீங்களே நான்கு விடைக் கேள்வி தயாரிக்கும்போது 'ஹ்யூஜ்', 'லார்ஜ்' இரண்டையும் ஒரே கேள்வியில் வைக்காதீர்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வாக்கியம் ஒன்றைத் தெளிவாக வெளியே தள்ள வேண்டும்.

25 தடவை எழுத வைப்பதை நிறுத்துங்கள். 'மேசிவ்' எழுதியவன் 'ஹ்யூஜ்' என்று 25 தடவை எழுதி என்ன கற்கப் போகிறான்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. கல்வி அலுவலர்வரை புகார் போனால் ஒரு மார்க் பெரிதாகத் தெரியாது, இம்போசிஷன் நோட்டுதான் முதலில் கண்ணில் படும். மாற்றாக, தவறிய சொல்லை வைத்துச் சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுதி வரச் சொல்லலாம்.

சண்டை வந்த போன வாரத் தாளுக்கு வருவோம். இரண்டு பிரிவுத் தாளையும் திரும்ப வாங்குங்கள். சர்ச்சைக்குரிய மூன்று சொற்களை மட்டும் இருவரும் சேர்ந்து திருத்துங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம். வாக்கியம் இல்லாத தாள் என்பதால் 'பிக்', 'மேசிவ்', 'ஃப்யூரியஸ்' மூன்றுக்கும் முழு மார்க். 'பிரேவரி'க்கு அரை, இந்த ஒரு தடவை மட்டும். ஏற்கெனவே கொடுத்த மார்க்கை எந்தப் பிள்ளையிடமும் திரும்பப் பிடுங்காதீர்கள். கேட்டு வந்த பெற்றோரின் பிள்ளைக்கு மட்டும் திருத்திக் கொடுப்பதும் கூடாது, அது வாட்ஸ்அப்பில் அடுத்த படமாக வரும். 79 பேரில் அதே விடை எழுதிய எல்லோருக்கும் ஒரே நாளில் மார்க் ஏற வேண்டும். இனிமேல் மேல்முறையீட்டுக்கு ஒரு வாரம் கொடுங்கள். பிள்ளையே வந்து, தான் எழுதிய சொல் வரும் ஒரு வாக்கியத்தை அகராதியில் காட்ட வேண்டும். பெற்றோர் வழக்காட வேண்டியதில்லை.

குழுவில் போட இரண்டு வரி போதும், பிரின்சிபாலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்: 'போன வார ஆங்கிலத் தேர்வில் மூன்று சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருப்பதால் ஏ, பி இரண்டு பிரிவிலும் மறுபடி திருத்தியிருக்கிறோம், யாருக்கும் மார்க் குறையாது. வரும் வெள்ளி முதல் 10 சொற்கள், ஒவ்வொன்றும் வாக்கியத்தோடு வரும், சொல்லுக்கு 2 மார்க்.'